ஹார்ட்விக் ஹால்: கண்ணாடியால் எழுந்த மாளிகை

இங்கிலாந்தின் டார்பிஷயரில், எம்-1 நெடுஞ்சாலையில் போகும்போதே குன்றின் மேல் ஆறு கோபுரங்களோடு ஒரு மாளிகை தெரியும். அதுதான் ஹார்ட்விக் ஹால். மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும்போது கட்டடம் முழுவதும் தகதகவென்று மின்னும், அத்தனை ஜன்னல்கள்! கோபுரங்களின் உச்சியில் ‘இ, எஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கல்லில் பெரிதாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற பெயரின் முதலெழுத்துகள் அவை. ஊரார் அவளை அழைத்தது ‘ஹார்ட்விக் பெஸ்’ என்று.

இதே குன்றில், பெரிய வசதியில்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தவள் பெஸ். நான்கு முறை மணம் புரிந்தாள். நான்கு கணவர்களும் அவளுக்கு முன்பே இறந்தார்கள். நான்காமவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590-இல் காலமானார். அதே ஆண்டு இந்த மாளிகையின் வேலை தொடங்கியது. அப்போது அவளுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 1597-இல் குடிபுகுந்தாள்.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். கண்ணாடி பெருஞ்செல்வர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான காலம் அது. ஸ்மித்சனோ புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுபோய், வெளிச்சுவர்களை ஜன்னல்களுக்கே விட்டுவிட்டார். கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள், நடுத்தளத்தில் குடும்பம், மேல்தளத்தில் அரச விருந்தினருக்கான கூடங்கள். தளம் உயர உயர ஜன்னலும் உயரமாகிறது. வெளியில் நின்று பார்த்தாலே யாருக்கு எந்த இடம் என்பது புரிந்துவிடும்.

அகலமான கற்படிகளில் ஏறிப் போனால் பெருங்கூடம் வருகிறது. சுவரின் மேற்பகுதியைச் சுற்றிலும், வேட்டைத் தெய்வமான டயானா காட்டில் வீற்றிருக்கும் காட்சியைச் சுதையில் வடித்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். முதலாம் எலிசபெத் அரசியைப் போற்றும் சிற்பம் இது. ஆனால் அரசி இங்கு வரவே இல்லை.

அடுத்தது ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள நெடுங்கூடம். அங்கே பைபிளில் வரும் கிதியோனின் கதையை நெய்த 13 பெரிய திரைச்சீலைகள் உண்டு. சர் கிறிஸ்டோபர் ஹாட்டனின் குடும்பத்தாரிடமிருந்து பெஸ் வாங்கியவை. அவற்றில் ஹாட்டன் குலச்சின்னம் இருந்தது. அதை மாற்ற ஆகும் செலவைச் சொல்லி விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டாள். பிறகு அதன் மேல் தன் சின்னத்தைத் தைத்து மூடினாள். ஹாட்டன் குடும்ப அடையாளமான பெண்மானுக்குக் கொம்பு வரைந்து, தன் குடும்பத்தின் கலைமானாக்கிக்கொண்டாள். இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கொம்புதான். கோபுர உச்சியில் பெயர் பொறித்த அதே பெண், 5 பவுண்டையும் விடவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பெஸ்.

இந்தச் சீலைகளைச் செப்பனிடும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023-இல்தான் முடிந்தது. 1959 முதல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது.

டார்பிஷயர் போகிறவர்கள் பலர் சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஹார்ட்விக்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மாலை வெயில் வரும்வரை இருங்கள்.