எவ்விழிவு பெரிது?

(காவேரிப்பாக்கத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

மாந்தரை மாந்தர் பிறப்பால் இகழ்வது எங்கும் குற்றந்தான். ஆயினும் எல்லா இகழ்ச்சிக்கும் நாம் ஒரே அளவாய்ச் சினப்பதில்லை. ஒன்றைக் கொடுமை என்கின்றோம். இன்னொன்றை வழக்கம் என்கின்றோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1860-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் தென்னாப்பிரிக்க நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் நம் வடார்க்காட்டு மக்கள் மிகப் பலர். அங்கே வெள்ளையர் அவர்களை நிறம் பார்த்து ஒதுக்கினர். அதை எதிர்த்துச் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை நினைந்து உருகாத தமிழர் உண்டோ? 1946-இல் இந்திய அரசும் தென்னாப்பிரிக்காவின் மீது உலக நாடுகள் மன்றத்தில் முறையிட்டது. அந்நாட்டோடு வணிகத்தையும் முறித்துக்கொண்டது. நன்று. ‘இஃது எங்கள் உள்நாட்டுச் செய்தி, நீங்கள் தலையிடாதீர்’ என்றது வெள்ளையர் அரசு.

அதே தென்னாப்பிரிக்காவில், தர்பன் நகரில், 2001-இல் இனவேற்றுமைக்கு எதிரான உலக மாநாடு கூடியது. சாதிக் கொடுமையையும் அங்கே எடுத்துரைக்க வேண்டுமென ஒடுக்கப்பட்டோர் கேட்டனர். இந்திய அரசு இசையவில்லை. சாதி வேறு, இனம் வேறு என்றது. சாதி எங்கள் உள்நாட்டுச் செய்தி என்றது. 1946-இல் கேட்ட அதே விடை, இப்பொழுது வேறு வாயிலிருந்து!

தில்லியைக் குறை கூறியவுடன் கை தட்டுகின்றீர்கள். சற்றுப் பொறுங்கள். நம் பாலாற்றங்கரைக்கு வருவோம்.

2019 ஆகத்துத் திங்களில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு பிணம் கயிறு கட்டிக் கீழே இறக்கப்பட்டது. ஏறத்தாழ 20 அடி உயரம். இறந்தவர் ஒடுக்கப்பட்ட குடியினர். சுடுகாட்டுக்குச் செல்லும் வழி பிறர் நிலத்தின் ஊடே சென்றது. நிலத்தார் வழி விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. வழி மறித்தோர் வெள்ளையரா? வடவரா? தமிழர்! இறந்தவரும் தமிழரே. தமிழ்மண்ணில் தமிழன் பிணத்திற்கு வழியில்லை. இந்திப் பலகைக்குக் கொதித்தெழும் நம்முள் எத்தனை பேர் அன்று தெருவுக்கு வந்தோம்?

சட்டம் இல்லாமையா? அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் ஒரு சட்டம்; 1989-இல் அதனினும் கடுமையான சட்டம். ஏட்டில் குறைவில்லை. நமக்குச் செய்யப்படும் இழிவு நம் உடம்பில் சுடுகின்றது. நாம் செய்யும் இழிவு நமக்குச் சுடுவதில்லை. நேட்டால் வெள்ளையனைப் பழித்தால் நம் வரப்பில் ஒரு சாண் குறையாது. நாராயணபுரத்திற்கு வழி விட்டாலோ குறையும். ஆகவேதான் தொலைவில் உள்ளது கொடுமையாகவும், அருகில் உள்ளது வழக்கமாகவும் தோன்றுகின்றன. இன்னும் பாருங்கள்: இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோலால் ஆன செருப்பை விரும்பி வாங்கி மாட்டுகின்றோம். அத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்தவன் கையால் தண்ணீர் வாங்கத் தயங்குவோர் இன்றும் உளர்.

தமிழாசிரியன் ஆகையால் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மேலை மொழிகளிற் புகுந்த நம் சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்கின்றோம்: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். அப்பட்டியலில் நாம் வாய்விட்டுப் படிக்காத சொல் ஒன்றுண்டு. பறை என்னும் தொன்மையான இசைக்கருவியின் பெயரால் அமைந்த ‘பறையர்’ என்னும் குடிப்பெயர், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் செருமானியத்திலும் ‘ஒதுக்கித் தள்ளப்பட்டவன்’ என்னும் பொருளில் வழங்குகின்றது. அப்பொருளை அவர்கள் தம் நாட்டிலிருந்து கொணரவில்லை. நம் தெருக்களைப் பார்த்து எழுதிக்கொண்டனர். சாதி வடசொல் என்று அதனை நீக்கி எழுதுகின்றோம். மணமகள் தேடும்பொழுது மட்டும் அச்சொல் எங்கிருந்தோ திரும்பி வந்துவிடுகின்றது!

நெமிலி, பனப்பாக்கம், ஓச்சேரிப் பக்கத்திலிருந்தும் இங்கே வந்திருக்கின்றீர்கள். அடுத்த திங்கள் கூட்டத்திற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் சுடுகாடு ஒன்றா, இரண்டா? சேரியிலிருந்து அங்குச் செல்லும் வழி பொதுவழியா, ஒருவருடைய பட்டா நிலமா? மழைக்காலத்தில் அவ்வழி நடக்கத் தக்கதா? நேரிற் சென்று பார்த்து எழுதிக் கொணருங்கள். இராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியருக்கு முறையீடு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கின்றேன். கையொப்பமிடும்பொழுது நிலமுடையோர் முதலில் இடவேண்டும்.