தடேயஸ் ஸ்டீவன்சும் பொதுப் பள்ளிச் சட்டமும்



அமெரிக்க வழக்கறிஞர் தடேயஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிப் பேச விழைகின்றோம். 1792இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். பிறவியிலேயே கால் ஊனம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் சாரா அம்மையாரோ, பிள்ளைகளின் படிப்புக்காகவே பள்ளியுள்ள ஊருக்குக் குடிபெயர்ந்தார். மகன் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பென்சில்வேனியா சென்று, முதலில் ஆசிரியரானார். நம் தொழிலினர் என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி! 1816இல் கெட்டிஸ்பர்க் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

ஒன்றை மறைத்தல் முறையன்று. சாரிட்டி பட்லர் என்னும் கறுப்பினப் பெண் தமக்கும் குழந்தைகளுக்கும் விடுதலை வேண்டித் தொடுத்த வழக்கில், 1821இல், ஸ்டீவன்ஸ் அடிமை உடைமையாளருக்காக வாதாடி வென்றார். பின்னாளில் தப்பிவந்த அடிமைகளுக்காக அவர் மன்றேறினார். ஆயினும் அப்பெண்ணுக்கு அதனால் பயனில்லை.

1833இல் மாநிலச் சட்டமன்றம் புகுந்தார். அங்கே 1809ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைப் பிள்ளைக்குச் சம்பளமின்றிக் கல்வி உண்டு. ஆனால் பெற்றோர் தம்மை ஏழையென்று அறிவித்துப் பட்டியலில் பதியவேண்டும். நாணம் மிகுந்தோர் பிள்ளைகளை அனுப்பாதே விட்டனர். பட்டியல் படிக்கும்போது வகுப்பில் தாழும் தலைகளை நாமும் கண்டதுண்டு.

1834இல் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான பள்ளிச் சட்டம் வந்தது. கூடவே வரியும் வந்தது, எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே செனட் சபை அதனை நீக்கி, ஏழைகளுக்கு மட்டும் இலவசக் கல்வி என்னும் பழைய முறைக்குத் திரும்ப முடிவுசெய்தது. ஸ்டீவன்ஸின் தொகுதியினரும் நீக்கத்தையே விரும்பினர். 1835 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் எழுந்தார். இது ஏழைக்குச் சூடிட்டு அடையாளம் வைக்கும் சட்டமென்று சாடினார். பிள்ளையில்லாதோர் பள்ளிக்கு வரி கொடுப்பதேன் என்றோர்க்கு, வழக்கே இல்லாதவரும் நீதிமன்றத்திற்கும் சிறைக்கும் வரி கொடுக்கவில்லையா என்று கேட்டார். அவை மனம் மாறியது, செனட்டும் இணங்கிற்று. சட்டம் நிலைத்தது.

1838இல் மாநில அரசமைப்பு மாநாடு வாக்குரிமையை வெள்ளையர்க்கே உரியதாக்கியபோது, உறுப்பினராயிருந்தும் அவர் கையொப்பமிட மறுத்தார். அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தத்திற்காகக் காங்கிரசில் உழைத்ததை உலகறியும்.

1868இல் மறைந்தார். வெள்ளையர் மட்டுமே துயிலும் இடுகாடுகளை விலக்கி, எவ்வினத்தாரையும் ஏற்ற லங்காஸ்டர் இடுகாடொன்றையே தமக்கெனத் தேர்ந்திருந்தார். அவர் கல்லறை அங்கேயே உள்ளது.