பட்டாளத்துக்காரர் பணம் கேட்கமாட்டார்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பைப் பற்றியும் கடனைப் பற்றியும் முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொன்னார்கள். அந்தச் சேமிப்பு செல்போன் வழியாக எப்படிப் போகுது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு நட்பு அழைப்பு வரும். படத்தில் ராணுவ உடுப்பில் வெள்ளைக்கார அதிகாரி. மனைவி இறந்துட்டாங்க, ஒரே மகள் விடுதியில் படிக்கிறாள், சிரியாவில் பணி என்பார். ரெண்டு நாளில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறும். "என் அன்பான ராணியே, நீ உணவு உண்டாயா?" என்று தமிழிலேயே கேட்பார். நம்ம ஊரில் யாரும்மா அப்படிக் கேட்கிறாங்க? அது மெஷின் மொழிபெயர்த்த தமிழ். ஆனால் வீட்டில் ஒருத்தரும் கேட்காத கேள்வியை ஒருத்தர் தினமும் கேட்டால் மனசு இளகத்தான் செய்யும்.

ஒரு மாதம் கழித்து, "நகையும் டாலரும் பார்சலில் அனுப்பியிருக்கேன்" என்பார். அடுத்து, டெல்லி விமான நிலைய கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் பேசுவாள். வரி 35,000 ரூபாய் என்பாள். அதைக் கட்டினால், உள்ளே டாலர் இருக்கு, சான்றிதழுக்கு 80,000 என்பாள். கட்டாவிட்டால் வழக்கு என்று மிரட்டல். பணம் போவது யாரோ ஒரு தனிநபர் கணக்குக்கு. கஸ்டம்ஸ் துறை தனிநபர் கணக்கில் வரி வாங்குவதே இல்லை. பார்சல் என்று ஒன்று கிடையவும் கிடையாது.

படத்தில் இருப்பவர் நிஜ மனிதர்தான். அமெரிக்க ராணுவத்தில் ஓய்வுபெற்ற கர்னல் பிரையன் டென்னி என்பவரின் படத்தைத் திருடி ஏராளமான போலிக் கணக்குகள் தொடங்கினார்கள். அவர் இப்போது இந்த மோசடிக்கு எதிராகப் பேசி வருகிறார். 2022இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 70,000 பேர் இப்படிப்பட்ட காதல் மோசடிகளில் ஏமாந்ததாகப் புகார் கொடுத்தார்கள். போன பணம் 130 கோடி டாலர். படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்காதீங்க.

நம்ம கடற்கரையில் இன்னொரு சங்கதி உண்டு. சிற்பக் கடை, சங்குக் கடை, தங்கும் விடுதி என்று வெளிநாட்டுக்காரரோடு பழகுவது நமக்குப் புதுசு இல்லை. அதனால் போனில் ஒரு வெள்ளைக்காரர் பேசினால் சந்தேகம் வருவதில்லை. நேரில் பார்த்துப் பழகினவர் வேறு, படத்தில் மட்டும் பார்த்தவர் வேறு.

இதே உடுப்பு வியாபாரத்திலும் வரும். "தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் கேம்ப்புக்கு 200 பாக்கெட் முறுக்கு வேணும்" என்று இந்தியில் ஆர்டர் வரும். அடையாள அட்டைப் படமும் வரும். பிறகு, "பணம் அனுப்ப இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம்ம பணம்தான் வெளியே போகும்.

நம்ம பாட்டிகள், பட்டாளத்திலிருந்து ஊருக்கு மணியார்டர் வந்ததைத்தான் பார்த்திருக்காங்க. ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனதைப் பார்த்ததில்லை. லீவுக்கோ சாப்பாட்டுக்கோ எந்த நாட்டு ராணுவமும் சிப்பாயின் சிநேகிதியிடம் பணம் கேட்காது.

இது ஒருத்தியின் சொந்த விஷயம் என்று விடவும் முடியாது. கஸ்டம்ஸ் வரி கட்ட அவள் கேட்பது உள்கடன். குழுக் கடன் தவணை நின்றால் மீதிப் பேர் சேர்ந்துதான் கட்டணும். இன்னொன்று, "உங்க பேரில் பேங்க் கணக்கு ஆரம்பித்து ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுங்க, மாசம் காசு தர்றோம்" என்று கேட்டால் கொடுக்காதீங்க. ஏமாந்தவர் பணம் அந்தக் கணக்கில் வந்து விழும். போலீஸ் முதலில் உங்க வாசலுக்குத்தான் வரும்.

பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்க. சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. பேசின மெசேஜை அழிக்காதீங்க. ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினாலும் பணம் கொடுக்காமல் புகார் கொடுங்க. 181 பெண்கள் உதவி எண்ணிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. ஏமாந்தவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் நாமதான். "இந்த வயசில் உனக்கு இது எதுக்கு?" என்று கேட்போம் என்ற பயம். அன்புக்கு ஏங்குவது குற்றமில்லை, அதை வைத்துத் திருடுவதுதான் குற்றம். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவள் ரெண்டாவது தவணையும் கட்டுகிறாள்.

அதனால் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுங்க. முகம் பார்க்காதவருக்குப் பணம் அனுப்பும் முன் குழுவில் ஒருத்தரிடமாவது சொல்வோம். சொன்னவளைக் கேலி பேசமாட்டோம்.