பேரனுக்கும் பாட்டனாருக்கும் ஒரே பாடம்



ஆரணி வழியே ஓடும் ஆறு பழவேற்காட்டு ஏரியைச் சென்று சேர்கிறது. அந்தப் பழவேற்காட்டில், 2018 மே மாதத்தில், பாலமொன்றில் ஒரு மனிதரின் உடல் தொங்கவிடப்பட்டிருந்தது. மனநலம் குன்றித் திரிந்தவர் அவர். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே வாரத்தில் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தமையால் ஐயத்திற்கு உள்ளாகி உயிரிழந்தார். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்துள்ளது என வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி இரண்டு ஊர்களுக்கும் முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது.

அக்காலத்தில் நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்று உண்டு. இருசக்கர வண்டியில் வரும் இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். உண்மையில் அது கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையை மீண்டும் இறக்கிவிட்டு அறிவுரைப் பலகையைக் காட்டும் இறுதிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டனர். மெய்யின் வாலை நறுக்கினாலும் பொய் பிறந்துவிடுகிறது.

இத்தகைய செய்திகளைப் பரப்பியவர்களுள் பேரப்பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருக்கும் பெரியோரும் உண்டு. "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்ற நல்லெண்ணந்தான். ஆகவே இணைய ஒழுக்கத்தைச் சிறுவர் பாடமென ஒதுக்குதல் தகாது. கேரளத்தின் கண்ணூரில், அதே 2018இல், மாவட்ட ஆட்சியர் மிர் முகமது அலி ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்னும் வகுப்பைத் தொடங்கினார். தடுப்பூசி பற்றிய பொய்ச் செய்திகளை நம்பிப் பெற்றோர் அஞ்சியமை அம்முயற்சிக்கு ஒரு காரணம். பிள்ளைகள் பயின்ற அப்பாடம் தந்தையரின் கைப்பேசியை எட்டினாலன்றி நிறைவு பெறாது.

சமண இல்லறத்தாருக்கு இது அயலார் கல்வி அன்று. வாய்மை என்னும் அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள், பொய்யுபதேசமும், பிறர் மறைபொருளை வெளிப்படுத்தலும், பொய்யாவணம் புனைதலும் அடங்கும். போலி மருத்துவக் குறிப்பு, இசைவின்றிப் பகிரும் படம், திரித்த அறிக்கை என இன்றைய பெயர்களை அவற்றின் அருகே எழுதிப் பார்க்கலாம்.

2023 மார்ச்சில் வதந்தி திசை மாறிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறிடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றின் படங்களும் அவற்றுள் இருந்தன. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி நிலையை அறிய நேர்ந்தது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கும் வடமாநில இளைஞர்களின் தாய்மார், அந்நாட்களில் எத்தனை இரவு உறங்காதிருந்தனரோ!

ஞாயிறு மாலையில் பேரனும் பாட்டனாரும் ஒரே பாயில் அமரட்டும். அவ்வாரம் கைப்பேசிக்கு வந்த செய்தி ஒன்றை எடுத்து, எங்கு எடுத்த படம், எந்த ஆண்டு, முதலில் சொன்னவர் யார் எனத் தேடட்டும். தேடும் வழியைப் பேரன் காட்டுவான். "இது நம் ஊர்ச் சாலையே அன்று" எனக் கண்டு சொல்லப் பாட்டனாரின் கண் வேண்டும். இணைய மோசடியில் பணம் இழந்தவுடன் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் அன்றே இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.