கடற்காற்றும் கறளும்

வெள்ளவத்தையிலே கடலுக்கும் வீடுகளுக்கும் இடையில் இருப்பவை புகையிரதப் பாதையும் ஒரு தெருவுமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையில், அலைகள் சிதறும் உப்புத்துளி காற்றோடு ஏறி வந்து யன்னற் கம்பிகளிலும் கதவுப் பிணைச்சல்களிலும் படிகின்றது. கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகத்தின் காற்று உண்டு. இவ்விரு பகுதிகளிலும் பழைய மோட்டார் வண்டியொன்றைப் போற்றி வைத்திருப்பவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் பகைவன் கறளே.

கொழும்பில் பழைய வண்டிகளைப் பேணுவது வெறும் ஆடம்பரமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுகியபோது, இருந்த வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்த காலத்திலும் அதே நிலை திரும்பிற்று. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. ஓஸ்ரின், மொறிஸ் முதலிய வண்டிகள் இன்றும் இந்நகர வீதிகளில் ஓடுகின்றன என்றால், அதற்கு இத்தகைய கைத்திறனே காரணம்.

இவற்றுள் மொறிஸ் மைனருக்குத் தனி இடமுண்டு. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் அறிமுகமாகி 1971 வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. பின்னாளில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையமொன்றை நடாத்திய சார்ள்ஸ் வேர் என்பார், இவ்வண்டிக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முன்வந்தார். பிறந்த நாட்டிலே அருகிய பாகங்களை நம் நாட்டுத் தொழிலாளர் கைகள் வனைந்தன என்பது பெருமைக்குரிய செய்தி.

கறளை வெல்ல விரும்புவோர் முதலில் தம் வண்டியின் அமைப்பை அறிதல் வேண்டும். ஓஸ்ரின் ஏ40 சமர்செற் போன்றவற்றில் இரும்புச் சட்டகம் தனியாகவும் உடல் அதன்மேல் பொருத்தப்பட்டும் இருக்கும். உடலைக் கழற்றிவிட்டால் சட்டகத்தின் எல்லாப் பக்கமும் கைக்கு எட்டும். மொறிஸ் மைனருக்கோ தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை ஒட்டிச் செய்த உடலே பாரத்தையும் தாங்குகின்றது. கதவுக்குக் கீழுள்ள பெட்டி வடிவான விளிம்பும், பின்வில்லைத் தாங்கும் இடமும், தரையின் குறுக்குச் சட்டமும் உக்கிவிட்டால், அது அழகுக் குறையன்று. ஏறிச் செல்வோரின் உயிருக்கே ஆபத்து.

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் கறள் தோன்றும். உப்பு அந்நீரை மின் கடத்தியாக்கி வேலையை விரைவுபடுத்தும். கறள் தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால், இரு தகடுகளின் இணைப்புக்குள் புகுந்து அவற்றைப் பிளந்துவிடும். ஆதலால் மேலே பளபளக்கும் வண்டியும் உள்ளே சல்லடையாக இருத்தல் கூடும்.

வீட்டில் வேலை தொடங்குமுன் பற்றறித் தொடுப்பைக் கழற்றுதல் வேண்டும். வண்டியை ஜக் ஒன்றில் மட்டும் நிறுத்தி அடியிற் புகுதல் கூடவே கூடாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் துடைத்து, சவர்க்கார நீரால் கழுவி உலர்த்தியபின் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலிக்குமிடம் நல்லது. மந்தமாக ஒலித்து உதிருமிடம் வெட்டி நீக்கிப் புதுத் தகடு ஒட்டப்பட வேண்டியது. பாரந்தாங்கும் இடத்தில் பசையை அப்பி மறைப்பது பொய்க்கால் வைப்பதற்கு ஒப்பாகும். ஒட்டுவேலை அனுபவமுள்ளவர் கைக்குரியது. அதற்கு முன்னர் பெற்றோல் தாங்கி அகற்றப்பட வேண்டும்.

எஞ்சிய கறளைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் உரோஞ்சி எடுக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. அக்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நெருங்கிய வீடுகள் நிறைந்த ஒழுங்கைகளில் உலர்ந்த பூச்சை உரோஞ்சித் தூசி பறக்கவிடுதல் அயலாருக்குச் செய்யும் தீங்காகும். பூச்சை ஈரப்படுத்தித் தேய்த்து, கழிவைக் கடதாசியில் ஏந்தி, முகமூடி அணிந்து வேலை செய்வதே முறை. குழந்தைகளை அப்பால் வைத்தல் வேண்டும்.

குழிகளில் ஒளிந்திருக்கும் கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த மருந்து உண்டு. அது கறளோடு கூடி இரும்புப் பொஸ்பேற்றுப் படலமாக மாறும். டில்லியிலே சுமார் 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத்தூணைக் காத்ததும் அதன் இரும்பிலுள்ள பொஸ்பரஸ் உண்டாக்கிய இத்தகைய படலமே என அறிஞர் கண்டனர். அந்நகரின் வரண்ட காற்றும் அதற்குத் துணை. கையுறை, கண்ணாடி அணிந்து மருந்தைத் தடவி, போத்தலிற் குறித்தபடி கழுவியோ துடைத்தோ உலரவிட வேண்டும்.

அன்றைக்கே அடிப்பூச்சு இடுதல் நன்று. ஓரிரவு வெறுமையாக விட்டால் கடற்காற்று மீண்டும் தன் வேலையைத் தொடங்கிவிடும். நாகப் பொஸ்பேற்றுக் கலந்த அடிப்பூச்சு ஏற்றது. பூச்சு காயும்போது கூரிய விளிம்புகளை விட்டு விலகும் இயல்புடையது. ஆகவே விளிம்புகளுக்கும் ஒட்டுத் தையல்களுக்கும் முதலில் தூரிகையால் ஒருமுறை பூசி, பின்னர் முழுவதும் பூச வேண்டும். அடிப்பூச்சோடு நிறுத்துவது பலர் செய்யும் பிழை. அது நுண்துளையுடையது, ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் கறுப்பு எனாமலை மெல்லிய படைகளாக இருமுறையேனும் இட்டு, ஒவ்வொன்றும் நன்கு காய விடுதல் வேண்டும். தை, மாசி மாதங்களின் வரண்ட காலைப்பொழுது, பனி நீங்கிய பின், இதற்கு உகந்தது.

தூரிகை எட்டாத உட்குழிவுகளில் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சி விட வேண்டும். விளிம்புகளின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாகாது. தார்ப்பூச்சைத் தடிப்பாக அப்பினால் வண்டி நெடுநாள் வாழும் என்பது தவறான எண்ணம். அது வெடித்தவிடத்தே ஈரம் புகுந்து, வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, இரும்பை மறைவிலே தின்னும். மழைக்காலம் முழுவதும் வாரமொருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவதே செலவற்ற சிறந்த காப்பு.

பூசி மெழுகுதல் என்று தமிழில் ஒரு வழக்குண்டு. குறையைத் தீர்க்காது மறைப்பதையே அது குறிக்கும். விற்பதற்காகப் பூசி மெழுகப்பட்ட வண்டியை நம்பிக் குடும்பத்தோடு ஏறியவர் படும் துன்பம் பெரிது. உக்கியதை வெட்டி நீக்கி, நல்லதைத் துலக்கி, அதன் பின்னரே வர்ணத்தைக் கையில் எடுப்பவரின் வண்டியோ பாட்டன் ஓட்டியதைப் பேரனும் ஓட்டும் பேறு பெறும்.