விண்போர் விளையாட்டும் நடுவுநிலைமையும்



லிந்துலையில் மழைக்காலத்து மாலைகளில் மூடுபனி விரைவில் இறங்கிவிடும். கொழுந்து நிறுத்து முடிந்து தாய்மார் லயத்துக்குத் திரும்பும் அத்தகைய வேளையொன்றில், வாசற்படியில் இரு சிறுவரைக் கண்டேன். கைத்தொலைபேசியில் விண்கப்பற் போர் ஆடிச் சலித்த அவர்கள், அப்பியாசக் கொப்பியில் தாமே அப்படியோர் ஆட்டத்தை வரைந்துகொண்டிருந்தனர். மூத்தவன் தன் கப்பலுக்கு, எதனையும் ஒரே வெடியில் அழிக்கும் பீரங்கியொன்றைக் கொடுத்துக்கொண்டான். மூன்று முறை ஆடினர். மூன்றிலும் அவனே வென்றான். நான்காம் முறை இளையவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீயே ஆடு, அண்ணே" என்றான்.

வென்றவன் திகைத்துப்போனான். வெற்றி அவன் கையில் இருந்தது. ஆட்டந்தான் இல்லாமற் போயிற்று.

இத்தகைய ஆட்டங்களை ஆக்குவோர் யாவரும் எதிர்நோக்கும் சிக்கல் இதுவே. 1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய தோழரும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். கணினித் திரையில் இரு கப்பல்கள். நடுவே இரண்டையும் தன்பால் ஈர்க்கும் ஒரு விண்மீன். ஒரு குண்டு பட்டாலும் கப்பல் அழிந்துவிடும். ஆயினும் குண்டுகளுக்கும் எரிபொருளுக்கும் அளவுண்டு. ஆபத்து நெருங்கினால் மாயமாய் மறைந்து வேறோரிடத்தில் தோன்றலாம். ஆனால் தோன்றும்போதே வெடித்துச் சிதறவும் கூடும். அஃதாவது, ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஒரு விலை வைக்கப்பட்டிருந்தது.

ரசல் முதலில், குண்டுகள் குறியிலிருந்து சிறிது விலகிச் செல்லுமாறும் அமைத்திருந்தார். உண்மைப் படைக்கலம் பிழைபடுவது இயல்புதானே என்பது அவர் எண்ணம். ஆடியவர்களோ அதனை ஏற்கவில்லை. தங்கள் குண்டைத் தாங்கள் நம்ப வேண்டும் என்றனர்; அவரும் அதனை நீக்கிவிட்டார். தோற்பதற்கு மனிதன் அஞ்சுவதில்லை. தன் திறமைக்குத் தொடர்பில்லாமல் தோற்பதையே அவன் வெறுக்கிறான் என்பதை இதனால் அறிகிறோம்.

பின்னர் வந்த ஆட்டங்களில் இக்கணக்கு மேலும் நுட்பமாயிற்று. ஐஸ்லாந்து நாட்டு நிறுவனமொன்று உருவாக்கி, 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஈவ் ஆன்லைன்' என்னும் ஆட்டத்தில், கப்பலுக்கு முதலில் ஒளிக்கேடயம், அதனுள் கவசம், அதனுள் உடற்கூடு என மூன்று காப்புகள் உண்டு. ஒரு காப்பு எளிதில் தாங்கும் தாக்குதலை மற்றொன்று தாங்காது. பெருங்கப்பலின் பெரும்பீரங்கி மெதுவாகவே திரும்பும். ஆதலின் அருகே வந்து விரைவாகச் சுற்றும் சிறு கப்பலை அது குறிவைக்க இயலாது திணறும். காதருகே ரீங்காரமிடும் கொசுவை யானை என்ன செய்யும்? சிறியதும் பயனுடையது என்னும் நிலை இருப்பதனாலேயே, புதிதாக வருபவனும் அங்கு ஆட முன்வருகிறான்.

ஆனால், உண்மைப் போர் இவ்வாறு நடப்பதில்லை. 'எம்டன்' என்ற சொல்லை நம்முள் அறியாதார் யார்? 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்த ஜேர்மானியக் கப்பலின் பெயர் அது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவுகளின் அருகே, 'சிட்னி' என்னும் அவுஸ்திரேலியக் கப்பலை அது எதிர்கொண்டது. முதலில் குறிதவறாது சுட்டது எம்டனே. எனினும் அதன் பீரங்கிகளின் வாய் விட்டம் 10.5 சென்ரிமீற்றர்; சிட்னியினுடையது ஏறத்தாழ 15. சிட்னியே விரைவும் மிக்கது. ஆகவே எவ்வளவு தூரத்தில் நின்று போரிடுவது என்பதை அதன் தலைவரே தீர்மானித்தார். எம்டனின் சுக்கான் பழுதுற்றது. புகைபோக்கிகள் மூன்றும் சரிந்தன. கப்பல் பவளப்பாறையில் மோதி நின்றது. சிட்னியில் மாண்டவர் நால்வர். எம்டனில் மாண்டவர் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டவர்.

போர்த்தலைவன் சமநிலையைத் தேடுவதில்லை. அதனைக் குலைக்கவே முயல்கிறான். ஆட்டம் அமைப்பவனோ குலைந்ததை மீண்டும் நிறுத்துகிறான். ஆட்டத்தில் உடைந்த கப்பலுக்குப் பதில் வேறொன்று கிடைக்கும். எம்டனில் மாண்ட மாலுமிக்கு மறுமுறை என்பதில்லை. பார்வைக்கு இரண்டும் போரே. ஆயினும் ஒன்று மற்றவனை இல்லாமற் செய்ய விரும்புவது. மற்றொன்று அவன் நாளையும் வரவேண்டும் என்று விரும்புவது. நம் பிள்ளைகள் இவ்வேற்றுமையை அறிந்து ஆடுவார்களாயின், பெற்றோர் அவ்வளவாகக் கவலைகொள்ள வேண்டியதில்லை.

எம்டனின் கதையை அச்சிறுவரிடமும் சொன்னேன். மூத்தவன் நெடுநேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் பீரங்கியின் கீழே, "ஒருமுறை சுட்டால் மூன்று முறை சும்மா இருக்க வேண்டும்" என்று எழுதினான். இளையவன் அதை இருமுறை படித்துப் பார்த்தான். பின்பு பென்சிலைக் கையில் எடுத்தான்.

யார் வென்றார் என்பதை நான் அறியேன். இருள் சூழ்ந்து நான் புறப்பட்டபோதும் அவர்களுடைய ஆட்டம் முடியவில்லை.