மதுவும் மறதியும்

என் இளமையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நெடுநாள் குடித்து உடல் நலிந்தவர். திண்ணையை விட்டு இறங்காத அவர், "காலையில்தான் திருச்சிக்குப் போய்வந்தேன்" என்பார். மறுநாள் தஞ்சாவூர் என்பார். பொய்யர் என்று சிறுவர்கள் நாங்கள் நகைத்தோம். அவர் பொய் சொல்லவில்லை என்பது மருத்துவம் பயின்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

மாஸ்கோ மருத்துவர் செர்கேய் கோர்சகாவ் 1887-ஆம் ஆண்டு முதல் இந்நோயை விரித்து எழுதினார். அவர் கண்ட நோயாளிகள் சதுரங்கம் ஆடுவர், நகைச்சுவையாகப் பேசுவர். சற்றுமுன் வந்து போனவரை மட்டும் அறியமாட்டார்கள். நினைவில் விழுந்த வெற்றிடத்தை மனம் ஏதேனும் ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. அக்கதையை அவர்களே நம்புகின்றனர்.

ஜெனிவாவில் இந்நோயுற்ற அம்மையார் ஒருவரின் கையைப் பற்றும்போது, உளவியல் அறிஞர் கிளாபரேட் தம் விரலிடையே குண்டூசியை மறைத்துவைத்திருந்தார். ஊசி குத்தியது, அம்மையார் அதை மறந்தும்போனார். பின்னர் அறிஞர் கை நீட்டியதும் தம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. 1911-இல் வெளிவந்த செய்தி இது. நோயாளியைக் குத்திப் பார்த்தது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை என்பது அதனால் தெரிந்தது.

குடியின் நஞ்சு மட்டுமே இதற்குக் காரணமன்று. குடிப்பவர் சரிவர உண்பதில்லை. உண்டதிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் பி1 சத்தையும் குடல் நன்கு ஏற்பதில்லை. அச்சத்தின்றி, புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதிகள் சிதைகின்றன. ஓயாத வாந்தியால் சத்திழந்தவருக்கும், அவர் மதுவைத் தொடாதவராயினும், இந்நோய் வரக்கூடும்.

1906-இல் அல்சைமர் எடுத்துரைத்த மறதிநோயோ வேறு. அது ஆண்டுதோறும் முன்னேறி, மொழியையும் கவர்ந்து, வீட்டாரின் முகங்களையும் மறக்கச்செய்யும். கோர்சகாவ் நோயில், குடியை அறவே விட்டுத் தயமினும் நல்லுணவும் பெற்றால், சிதைவு பெரும்பாலும் நின்றுவிடும். சிலர் தேறுவர், பலருக்குக் குறை எஞ்சும்.

எஞ்சாமற் காக்கவும் ஒரு வேளை உண்டு. நினைவு போகுமுன் பலருக்கு அறிவு குழம்பும், நடை தள்ளாடும், கண்மணிகள் நடுங்கும். இவை மூன்றும் ஒருவரிடத்தே ஒருங்கே தோன்றுவது அரிது. அப்பொழுதே தயமின் ஊசி போட்டால் நினைவைக் காக்க இயலும். ஆனால் அந்தத் தள்ளாட்டம் போதையைப் போலவே தோன்றும்.

எங்கள் பெரியவரும் ஒரு வாரம் அப்படித் தள்ளாடினார். தெளியட்டும் என்று திண்ணையில் படுக்கவைத்தார்கள்.